கறுப்பு வாகனத்தில் சிலந்திவலைக் கீறல்: வீட்டில் எவ்வளவு எடுக்கலாம், எந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும்

நிழலில் நிற்கும்போது கறுப்பு அக்சியோ ஒன்று புது வாகனம் போலத்தான் இருக்கும். அதையே மத்தியான வெயிலில் நிறுத்தி, பொனட்டில் சூரியன் தெரிகிற இடத்தைப் பாருங்கள். அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கோடுகள் வளையம் வளையமாக ஓடும். இரவில் பெற்றோல் செட் வெளிச்சத்தில் நின்றாலும் இதே கதைதான். கராஜில் கேட்டால், "ஒரு கட் அன்ட் பொலிஷ் அடிச்சா எல்லாம் போயிரும்" என்பார்கள். போகத்தான் செய்யும். போகும்போது எதைக் கூட்டிக்கொண்டு போகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஓடியவை பெரும்பாலும் கைமாறிக் கைமாறி வந்த வாகனங்கள். கைமாறும் ஒவ்வொரு தடவையும் விற்கிறவர் ஒரு பொலிஷ் அடித்துத்தான் காட்டுவார். அதனால், மெஷின் வாங்கலாமா, எந்த பொலிஷ் நல்லது என்று தேடுவதற்கு முன்னால், உங்கள் வாகனத்தில் பெயின்ட் எவ்வளவு தடிப்பு என்று தெரிந்திருக்க வேண்டும்.

தகரத்தின்மேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. அதன்மேல் பிரைமர். அதன்மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பனியில் அடித்த பெயின்ட் என்றால் இந்த நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன் வரை வரும். ஒரு மில்லிமீற்றரில் 1000 மைக்ரோன். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரோன் வரைதான். ஒரு தலைமயிரின் தடிப்பு 70 மைக்ரோன் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், வாகனத்தின் பளபளப்பு முழுவதும் பாதித் தலைமயிர் அளவுப் பூச்சில் நிற்கிறது. சிலந்திவலைக் கீறல் எல்லாம் இந்தப் பூச்சுக்குள், அதுவும் மேல்தோலில் சில மைக்ரோன் ஆழத்துக்குள் அடங்கிவிடும்.

அவை வட்டமாகத் தெரிவது ஒரு கண்கட்டு வித்தை. கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் கண்டபடி கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்காகக் கிடக்கும் கீறல்கள் மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும், மற்றவை மறைந்திருக்கும். குறுக்காகக் கிடப்பவற்றை மட்டும் சேர்த்துப் பார்த்தால் ஒளியைச் சுற்றி வட்டம் போட்டதுபோல இருக்கும். ஃபோன் டோர்ச்சை பொனட்டின்மேல் அங்குமிங்கும் நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். "வட்டமாத் துடைச்சதாலதான் வட்டமாக் கீறியிருக்கு" என்று சொல்வது அரைவாசிதான் உண்மை. நேராகத் துடைத்தாலும் மண் இருந்தால் கீறும்.

வெள்ளை வாகனத்திலும் இதே அளவு கீறல் இருக்கும். ஆனால் வெள்ளை நிறம் உள்ளே போன வெளிச்சத்தைப் பல பக்கமும் சிதறவிடுவதால், அந்தப் பிரகாசத்துக்குள் கீறலின் மினுக்கம் அமுங்கிப்போகும். கறுப்பு, கடும் நீலம், கடும் சிவப்பு எல்லாம் உள்ளே போன வெளிச்சத்தை விழுங்கிவிடும். கண்ணுக்கு வருவது மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும்தான், அதனால் மேற்பரப்பில் உள்ள குறை எதுவும் தப்பாது. கம்பனி கொடுத்த நிறக் குறியீடும் பார்க்க வேண்டிய ஒன்று. டொயோட்டாவின் 202 என்ற கறுப்பு மென்மைக்குப் பேர்போனது; சும்மா துடைத்தாலே கோடு விழும். நிறக் குறியீடு என்ஜின் அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் அடித்திருக்கும்.

மண்தான் கீறுகிறது

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றைத் திட்டுவார்கள். உப்பு துருவுக்குக் காரணம், உண்மைதான். ஆனால் உப்பு தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். கரையாதது மணல். நம்முடைய மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண இரும்பையே கீறக்கூடியது. கிளியர் கோட் என்பது ஒருவகைப் பிளாஸ்டிக், அது எம்மாத்திரம்!

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் கழுவி நிறுத்திய வாகனத்தில் பின்னேரம் விரலால் பெயர் எழுதலாம். படுவான்கரைப் பக்கம் கிறவல் வீதியில் ஒருதரம் போய்வந்தால் சொல்லவே வேண்டாம், பின்கண்ணாடி செம்மண் நிறத்தில் இருக்கும். இந்தத் தூசு தானாகக் கீறுவதில்லை. அதை யாராவது அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்ப்பது யார்? காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், பழைய சாரத்துணியை எடுத்து "ஒரு தட்டுத் தட்டிட்டுப் போவம்" என்று உலர்ந்த தூசின்மேல் துடைக்கிற நாம்தான். என் கணக்கில் இந்தப் பகுதி வாகனங்களின் கீறலில் பெரும்பங்கு இந்த உலர் துடைப்பில்தான் விழுகிறது. மிச்சம், சேர்விஸ் ஸ்டேஷனில் முன்னால் நின்ற பிக்கப்பின் சேற்றைத் தேய்த்த அதே ஸ்பொஞ்சால் உங்கள் கதவையும் தேய்க்கும்போது வருகிறது.

இன்னொன்றும் உண்டு. புது வாகனம் வாங்கி மாமாங்கப் பிள்ளையாரிடம் கொண்டுபோய்ப் பூசை வைத்தால் பொனட்டில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் இருக்கும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்து ஒட்டிய பிறகு அதை நகத்தாலும் துணியாலும் சுரண்டி எடுக்கிறார்கள். நனைத்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டுவைத்தால் போதும், ஊறித் தானாக வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்த பறவை எச்சத்துக்கும் இதே வைத்தியம்தான்.

பொலிஷ் என்ன செய்கிறது

கீறலை யாரும் "அழிப்பதில்லை". பலகையில் ஒரு கோடு விழுந்தால் தச்சர் அந்தக் கோட்டை எப்படி எடுக்கிறார்? கோட்டின் அடிமட்டம் வரும்வரை சுற்றியிருக்கும் மரத்தைச் சீவுளியால் இறக்குகிறார். பொலிஷும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்குள் இருக்கும் நுண்ணிய துகள்கள் கிளியர் கோட்டைச் சீவிச் சீவி, கீறலின் அடிவரை மட்டத்தை இறக்குகின்றன. சீவியது திரும்ப வளராது. மென்மையான பொலிஷ் ஒருமுறை ஓடினால் 1 முதல் 3 மைக்ரோன் வரை போகும்; கொம்பவுண்ட் என்ற கரடான பொலிஷும் கம்பளிப் பட்டும் (பட் என்பது மெஷின் தட்டில் பொருத்தித் தேய்க்கும் மெத்தை) சேர்ந்தால் அதைவிடக் கூடவே போகும். வாகனத்தின் ஆயுளுக்கும் சேர்த்து 8 மைக்ரோனுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. கிளியர் கோட் மெலிந்துபோனால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பலமும் குறையும். சில பழைய வாகனங்களின் கூரையில் தேமல் போல வெள்ளைத் திட்டுத் திட்டாகத் தோல் உரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைக்குப் போனதை எந்த பொலிஷாலும் திருப்ப முடியாது. அந்தப் பகுதிக்குப் பெயின்ட்தான்.

அப்படியென்றால் சில இடங்களில் அரை மணித்தியாலத்தில், கையாலேயே, எல்லாக் கீறலையும் மறைத்துத் தருகிறார்களே? மறைத்துத்தான் தருகிறார்கள். எண்ணெய்ப்பசையும் நிரப்பியும் கலந்த பொலிஷ் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலைந்து தடவை ஷாம்பு போட்டுக் கழுவியதும் கீறல் பழையபடி எட்டிப் பார்க்கும். நாளை மறுநாள் கல்யாண ஊர்வலம் என்றால் இது தப்பில்லை. விற்க வந்த வாகனத்தை வாங்கப் பார்க்கிறவருக்கு மட்டும் இது தெரிந்திருக்க வேண்டும். வித்தியாசம் கண்டுபிடிக்க, ஃபார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் அல்ககோலைத் தண்ணீரில் கலந்து (அல்ககோல் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு போதும்) ஒரு சிறு இடத்தில் மென்மையாகத் துடைத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் போன இடத்தில் உண்மை தெரியும்.

டூத்பேஸ்ட் வைத்துத் தேய்க்கும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதிலும் தேய்க்கும் துகள் இருக்கிறது, ஆனால் பல்லுக்கு அளவெடுத்த துகள். கறுப்பில் மங்கல் விழும். மண்ணெண்ணெய் துடைத்தால் ஒருநாள் மினுங்கும், மறுநாள் அந்தப் பசையில் ஊர்த்தூசு முழுவதும் ஒட்டியிருக்கும்.

செய்யும் முறை

முதலில் கழுவுதல். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கை படும் முன்பு ஹோஸ் பைப்பால் மேலிருந்து கீழாக நன்றாக அடித்து, கழன்று வரக்கூடிய மண்ணெல்லாம் போகவிடுங்கள். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசி மண்ணைக் கழற்றிவிட்டு, பிறகு ஷாம்புக்குப் போக வேண்டும். ஒரே வாளி என்றால் எடுத்த மண்ணையே திரும்பப் பூசுகிறீர்கள். கூரை, கண்ணாடி, பொனட், கதவின் மேற்பாதி என்று இறங்கிவந்து, மண் அதிகம் இருக்கும் கீழ்ப்பகுதியைக் கடைசியில் தொடுங்கள். சில்லுக்கு வேறு துணி. பாத்திரம் கழுவும் திரவம் கீறாது, ஆனால் இருக்கிற வெக்ஸைக் கழற்றிவிடும். பொலிஷ் அடிக்கிற அன்றைக்கு வேண்டுமானால் பாவிக்கலாம், வாராவாரம் வேண்டாம்.

நம் பகுதியில் பல கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர். கறுப்பில் அது காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும், வெயிலில் சுட்டுப் பதிந்தும்போகும். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். உடனே பெரிய மைக்ரோஃபைபர் துவாயை விரித்து ஒற்றி எடுங்கள். விழுந்துவிட்ட புதுப் பொட்டுக்கு வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைத்து, உடனே அலசிவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

கழுவிக் காய்ந்த பொனட்டில், மெல்லிய ஷொப்பிங் பேக் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் தார்ப் பொட்டு, இரும்புத்தூள், மரப்பிசின் ஏதாவது ஒட்டியிருக்கிறது. அதை எடுக்க கிளே பார் என்ற பிசைகிற களிக்கட்டி கிடைக்கும். ஷாம்புத் தண்ணீர் நிறைய விட்டு, அழுத்தாமல் வழுக்கவிட வேண்டும். அழுக்குப் பட்டதும் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். கைதவறி நிலத்தில் விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கி எறியுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். கிளே பார் கறுப்பில் கொஞ்சம் மங்கலை விடும். பின்னால் பொலிஷ் வருவதால் பரவாயில்லை.

அப்புறம் மெஷின். முதன்முதலாகச் செய்பவருக்கு என் பரிந்துரை டீஏ (டூவல் அக்ஷன்) பொலிஷர் மட்டும்தான். அதன் தட்டு சுழல்வதோடு பக்கவாட்டிலும் அதிர்ந்து ஓடும், ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்காது. கராஜில் பாவிக்கும் ரோட்டரி சுழல மட்டும் செய்யும். தேர்ந்த கை என்றால் வேகமாக வேலை முடியும், பழகாத கையில் சில நொடியில் விளிம்பை எரித்துவிடும். அதனால்தான் பொலிஷ் அடித்து வந்த கறுப்பு வாகனத்தில் வெயில் பட்டால் நிழல்போல அலையலையாக ஒரு தடம் ஓடுவதைப் பார்க்கிறோம். கிரைண்டரில் பஞ்சைப் பொருத்தி அடிக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் உடனே கைவிடுங்கள். சின்ன கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். பெயின்டுக்கு வேண்டியது அதில் கால்வாசிகூட இல்லை.

கையால் முடியாதா? ஒரு கதவுப்பிடிக் கிண்ணம், ஒரு சின்ன மூலை என்றால் முடியும். முழுப் பொனட்டைக் கையால் தேய்த்தால் தோள்தான் கழன்றுவரும். அழுத்தமும் இடத்துக்கு இடம் மாறும். கையால் செய்கிறவர் நன்றாகத் தெரியும் இரண்டொரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நிழல் கட்டாயம். தகரம் கையில் குளிர்ச்சியாகப் பட வேண்டும். வைகாசி, ஆனி வெயிலில் என்றால் விடியற்காலை தொடங்கி ஒன்பது மணிக்குள் கையை எடுத்துவிடுவது நல்லது. சூடான தகரத்தில் பொலிஷ் உடனே காய்ந்து பொருக்காகிவிடும். கறுப்பு ரப்பர், சாயம் அடிக்காத பிளாஸ்டிக், பட்ஜ் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள், இல்லாவிட்டால் அதில் பட்ட வெள்ளைக் கறை மாதக்கணக்கில் நிற்கும். கதவு விளிம்பு, பொனட்டின் மடிப்புக்கோடு போன்ற இடங்களில் பெயின்ட் இயல்பிலேயே மெலிந்திருக்கும். அங்கேயும் டேப்.

இனி வேலையின் முக்கியமான இடம்: சோதனைச் சதுரம். பொனட்டில் இரண்டு அடிக்கு இரண்டு அடி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பதில் மிக மென்மையான ஃபோம் பட்டையும் மிக மென்மையான பொலிஷையும் முதலில் போட்டுப் பாருங்கள். கடையில் "கட்டிங்" என்று எழுதிய போத்தலை எடுக்கத்தான் கை போகும், ஏனென்றால் விரைவில் முடியும் என்று தோன்றும். மென்மையானதே போதுமானதாக இருந்தால் கரடானதைப் போட்டு இரண்டு மைக்ரோனை ஏன் வீணாக்க வேண்டும்? போதவில்லை என்றால் பொலிஷை ஒரு படி ஏற்றுங்கள், அதுவும் போதாவிட்டால் பட்டை மாற்றுங்கள். எந்தச் சோடி வேலை செய்கிறதோ அதையே முழு வாகனத்துக்கும் ஓட்டலாம்.

பட்டில் பயறளவில் மூன்று நாலு சொட்டு. மெஷினைப் போடும் முன் பட்டைச் சதுரம் முழுக்க ஒற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சுவருக்கும் சேர்த்துப் பொலிஷ் அடிக்கும். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு ஆறு வேகம் உள்ள மெஷினில் நாலு அல்லது ஐந்தில் வையுங்கள். கை மெதுவாக நகரட்டும், நொடிக்கு ஓரிரு அங்குலம். ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதன் பாதியை மூட வேண்டும். இடமிருந்து வலம் ஒருதரம், மேலிருந்து கீழ் ஒருதரம் என்று மொத்தம் நாலு முதல் ஆறு ஓட்டம். மெஷினின் எடையோடு இலேசான அழுத்தம் போதும். கூட அழுத்தினால் டீஏயின் தட்டு சுழலாமல் அதிரமட்டும் செய்யும். தட்டின் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் சுழல்கிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

துடைத்துவிட்டு, அந்த அல்ககோல் தண்ணீரால் ஒருமுறை துடைத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். பத்தில் ஏழு எட்டுக் கீறல் போயிருந்தால் அடுத்த சதுரத்துக்குப் போங்கள். மிச்சம் நிற்கும் ஒன்றிரண்டு ஆழமான கோட்டைத் துரத்திப் போவதில்தான் பலர் பெயின்டை இழக்கிறார்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் நகம் தடக்குகிறதா? அந்தக் கீறல் பொலிஷின் எல்லையைத் தாண்டியது. அதைச் சுற்றி மட்டத்தை இறக்குவதைவிட, அது அப்படியே இருக்கட்டும் என்று விடுவதே இலாபம். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பட்டை மென்மையான பிரஷால் சுத்தம் செய்யுங்கள். அதில் தேங்குவது நீங்கள் சீவியெடுத்த கிளியர் கோட்தான்.

பட்டில் வாகனத்தின் நிறமே ஏறினால் நிறுத்துங்கள். ஒன்று, அது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சுப் பெயின்ட். பழைய வாகனங்களிலும் சில ஓட்டோக்களிலும் இருக்கும், நிறம் வருவது அங்கே இயல்பு. அல்லது கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, கண்ணில் படாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பொலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். திரும்ப அடித்த கதவு, மட்கார்ட் என்றால் தடிப்பு எப்படியும் இருக்கலாம். பெயின்ட் தடிப்பு அளக்கும் மீற்றர் வைத்திருக்கும் யாராவது தெரிந்தவர் இருந்தால் ஒருதரம் வைத்துப் பார்ப்பது நல்லது.

முடிந்ததும் ஒரு சீலன்டோ வெக்ஸோ பூசுங்கள். கார்னோபா வெக்ஸ் பார்க்க அழகு, ஆனால் நம்முடைய வெயிலுக்குக் கிழமைக்கணக்கில்தான் நிற்கும். செயற்கைச் சீலன்ட் மாதக்கணக்கில் நிற்கும். இரண்டும் கீறலைத் தடுக்கும் கவசம் என்று நினைக்க வேண்டாம்; மேற்பரப்பை வழுக்கலாக்கி, தூசு சுலபமாகக் கழன்றுவர உதவும், அவ்வளவுதான். தூசு படிந்த காலையில் கழுவ நேரமில்லையா, தூசோடேயே வேலைக்குப் போங்கள். மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், கொம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கி போடாமல். ஓரத்தில் தைத்திருக்கும் லேபலை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோல் டேங்கில் முழங்கால் உரசும் பக்கமும், ஜக்கெட் சிப் படும் இடமும்தான் அதிகம் கீறும். வளைவு கூட என்பதால் பெரிய பட் அங்கே உட்காராது. மூன்று அங்குலப் பட் அல்லது கை. ஸ்டிக்கர் கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறதா மேலே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் மேலே இருக்கிறது, டேப் போட்டு விலத்தி அடியுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு கிளம்பும். இப்போது வரும் பல பைக்குகளில் மேட் கறுப்பு, அதாவது பளபளப்பில்லாத கறுப்பு. அதற்கு இந்தக் கட்டுரையில் கழுவும் பகுதி மட்டும்தான் பொருந்தும். பொலிஷ், கொம்பவுண்ட், சாதாரண வெக்ஸ் எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். தேய்த்த இடம் பளபளப்பாகும், அது திரும்ப மேட் ஆகாது.